கலியனின் இருகுரல்: நீர்மலைப் பதிகமும் திருமடல்களும்

1. ஆராய்ச்சிப் பொருள்

தமிழ்ப் பத்தியிலக்கியத்தைப் பாட்டிலக்கியம் என்றே கூறுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. நாயன்மார்களும் ஆழ்வார்களும் ஊர்தோறும் சென்று பாடினர். அப்பாட்டுக்குப் பண் இருந்தது. பண் உள்ளத்தை உருக்கியது என்று வரலாற்று நூல்கள் எழுதும். இது பெரும்பான்மை பற்றிய உண்மையே, முழுவுண்மை அன்று. நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்தோர் அதில் ஒரு பகுதியைத் தனியே பிரித்து, அதற்கு ‘இயற்பா’ என்று பெயரிட்டனர். இயற்பா பண்ணிற்கு உரியதன்று. ஓசை பிறழாமல் எடுத்தோதுதற்கு உரியது. பத்தியிலக்கியத்துள் பாடும் குரலோடு பேசும் குரலும் உண்டு என்பதற்கு இப்பெயரே சான்றாகும்.

இவ்விரு குரல்களையும் ஒருங்கே உடைய பெரும்புலவர் திருமங்கையாழ்வார். அவருடைய இசைப்பாக்களை இசையாராய்ச்சியாளர் எடுத்துக்கொண்டனர். மடல்களை அகப்பொருள் ஆராய்வோரும் யாப்பு ஆராய்வோரும் எடுத்துக்கொண்டனர். ஒரே புலவரின் வாழ்நாட் பணி இவ்வாறு இரு கூறாயிற்று. பெரிய திருமொழியைப் பாடவல்ல ஒருவர், மூன்று நூல்களில் மட்டும் பாட்டை விட்டுப் பேச்சை மேற்கொண்டது ஏன் என்னும் வினா எழுப்பப்படாமலே நின்றது. அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆராய்ச்சிக்கு உரைகல்லாகத் திருநீர்மலை என்னும் தலம் கொள்ளப்படுகின்றது. பல்லாவரத்திற்கு மேற்கே உள்ளதும், 2021 ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியோடு இணைக்கப்பெற்றதுமான இவ்வூரை ஆழ்வார் பதிகத்திலும் பாடினார். இரு மடல்களிலும் குறித்தார். பொருள் ஒன்றாகவும் குரல் வேறாகவும் அமைந்தமையால் ஒப்புநோக்குதற்கு இத்தலம் பெரிதும் ஏற்றதாகின்றது.

2. புலவரும் நூல்களும்

திருவாலி நாட்டுக் குறையலூரில் தோன்றிய நீலர், படைத்தலைவராகவும் மங்கை நாட்டுக்குத் தலைவராகவும் விளங்கினார் என்றும், குமுதவல்லியாரை மணத்தற்பொருட்டு நாள்தோறும் அடியார்க்கு அமுதளிக்கும் நோன்பை மேற்கொண்டார் என்றும், பொருள் முட்டியபோது வழிப்பறியில் இறங்கினார் என்றும், அவ்வழியில் இறைவனையே மறித்து எட்டெழுத்தைப் பெற்றார் என்றும் குருபரம்பரை நூல்கள் கூறும். கலியன், பரகாலன் என்பன அவர்க்கு வழங்கும் பிற பெயர்கள். பரமேச்சுர விண்ணகரப் பதிகத்தில் பல்லவன் வெற்றிகளைப் பாடுதலாலும் பிறவாற்றாலும் இவரை எட்டாம் நூற்றாண்டினர் என்று அறிஞர் பலர் கொள்வர். சீகாழியில் ஞானசம்பந்தரோடு சந்தித்தார் என்னும் கதை கால ஆராய்ச்சிக்குப் பொருந்துவதன்று. எனினும், இருவரையும் ஒப்பிட்டுக் காணவேண்டும் என்று முன்னோர் கருதியதற்கு அக்கதை ஓர் அறிகுறி எனலாம்.

இவர் அருளிய நூல்கள் ஆறு. பெரிய திருமொழி 1084 பாசுரங்கள், திருக்குறுந்தாண்டகம் 20, திருநெடுந்தாண்டகம் 30. இம்மூன்றும் இரண்டாம் ஆயிரத்தில் அடங்கும். திருவெழுகூற்றிருக்கை, சிறிய திருமடல், பெரிய திருமடல் ஆகிய மூன்றும் இயற்பாவில் சேர்க்கப்பெற்றன. நம்மாழ்வாரின் நான்கு நூல்களை நான்மறைக்கும், இவருடைய ஆறு நூல்களை ஆறங்கங்களுக்கும் ஒப்பிடுவது வைணவ மரபு. மரபுடையார் இவ்வாறனையும் ஒருங்கு வைத்தே எண்ணினர் என்பது இதனால் விளங்கும்.

எண்ணிக்கையில் ஒரு நுட்பம் உண்டு. பதிகப் பாசுரங்களை எண்ணுதலில் எவர்க்கும் ஐயமில்லை. மடல்களை எண்ணுதலிலோ கருத்து வேறுபாடு தோன்றியது. ஒவ்வொரு மடலையும் ஒரே பாட்டு என்பர் ஒரு சாரார்; சிறிய திருமடலை 40 என்றும் பெரிய திருமடலை 78 என்றும் பகுத்தெண்ணுவர் மற்றொரு சாரார். பின்னைய கணக்கின்படியே ஆழ்வார் பாசுரங்கள் 1253 ஆகும். பாட்டு, நின்று நின்று செல்வது, ஆகவே எண்ணலாம். மடல் நில்லாது ஓடுவது. ஆகவே எண்ணுதல் அரிதாயிற்று. எண்ணுவோர்க்கு நேர்ந்த இவ்விடர்ப்பாடு இருவகைச் செய்யுளின் இயல்பையும் நமக்கு உணர்த்துகின்றது.

3. பகுப்பின் அடிப்படை

இயல், இசை என்னும் பகுப்பு யாப்புப் பற்றியது மட்டுமே என்று கூறிவிடலாமோ எனின், அமையாது. திருஞானசம்பந்தரும் திருவெழுகூற்றிருக்கை ஒன்று அருளினார். அது முதல் திருமுறையில் வியாழக்குறிஞ்சிப் பண்ணின்கீழ் வைக்கப்பெற்றுள்ளது. குடந்தைப் பெருமானை நோக்கிய கலியனின் திருவெழுகூற்றிருக்கையோ இயற்பாவில் உள்ளது. வடிவம் ஒன்றாயிருப்பவும் ஒரு மரபு பண்ணோடும், மற்றொரு மரபு பண்ணின்றியும் வைத்தன. எனவே யாப்பிற்கு அப்பாலும் ஒரு காரணம் உண்டு என்று கருத இடமாகின்றது.

ஆறு நூல்களின் இறுதிப்பகுதிகளை ஒப்புநோக்கினால் அக்காரணம் ஓரளவு புலனாகும். பெரிய திருமொழிப் பதிகங்கள் பெரும்பாலும் கலியன், பரகாலன், மங்கையர்கோன் என்னும் முத்திரைப் பெயரோடும், இதனைக் கற்று வல்லவர் இன்ன பயன் பெறுவர் என்னும் உறுதிமொழியோடும் முடிகின்றன. இரு தாண்டகங்களிலும் ஆசிரியர் பெயர் உண்டு. இயற்பாவில் சேர்ந்த மூன்று நூல்களிலும் ஆசிரியர் பெயர் இல்லை. ‘வல்லார் பெறும் பயன்’ கூறும் பகுதியும் இல்லை. சம்பந்தரின் எழுகூற்றிருக்கையோ ‘கவுணியன்’ என்று தம்மைக் குறித்து, இறைவனை நினையவல்லார் பெறும் பேற்றையும் கூறி முடிகின்றது. பண்ணின்கீழ் நின்ற எழுகூற்றிருக்கை முத்திரை உடையது. பண்ணின்றி நின்றது முத்திரை இல்லாதது.

இது நாலாயிரம் முழுமைக்கும் பொதுவிதி என்று கொள்ளற்க. நம்மாழ்வாரின் திருவிருத்தம் இயற்பாவிலேயே உள்ளது. ஆயினும் அது ஆசிரியர் பெயரும் பயனும் கூறி முடிகின்றது. ஆதலின் தொகுத்தோர் முத்திரையை மட்டும் நோக்கிப் பகுத்தனர் என்பது நம் கருத்தன்று. கலியனின் ஆறு நூல்களுள் பாடும் குரலுக்குரிய மூன்றும் தம் ஆசிரியரை அறிவித்துக் கொள்கின்றன. பேசும் குரலுக்குரிய மூன்றும் அறிவித்துக் கொள்ளவில்லை என்னும் அளவே இங்குப் பெறப்படும் முடிபு. அவ்வளவே நம் வினாவிற்கு வழிகாட்டப் போதுமானதாகும்.

முத்திரை என்பது ஆசிரியன் தன் பெயரை நிலைநாட்டும் செருக்கு அன்று. பாட்டைப் பிறர் கையில் ஒப்படைக்கும்போது இடும் அடையாளம் அது. ‘இதனை வல்லவர்’ என்று கூறும்போது, புலவனுக்குப்பின் அப்பாட்டைப் பாடப்போகும் கூட்டம் ஒன்று கருதப்படுகின்றது. முத்திரையும் பயனும் இல்லாத செய்யுளோ ஒப்படைக்கப்படுவதன்று. அப்பொழுதே, அவ்விடத்திலேயே, ஒருவர் வாயிலிருந்து எழுவது போன்ற தோற்றம் உடையது. இவ்வேறுபாட்டை நீர்மலைப் பகுதிகளில் வைத்துக் காண்போம்.

4. பாட்டில் நீர்மலை

பெரிய திருமொழியின் இரண்டாம் பத்து வேங்கடத்தில் தொடங்கி எவ்வுள், அல்லிக்கேணி, நீர்மலை, கடல்மல்லை, இடவெந்தை என்று செல்கின்றது. வடக்கிலிருந்து தெற்கு நோக்கிக் கடல்மல்லைவரை சென்று, இடவெந்தைக்குச் சற்று மீண்டு, பின்னர்க் கச்சியை நோக்கித் திரும்பும் ஒரு யாத்திரிகன் வழியாக இவ்வரிசை அமைந்துள்ளது. அவ்வழியில் நான்காவதாக நிற்பது நீர்மலைப் பதிகம். மலையைச் சூழ்ந்து நீர் நின்றமையால் ஆழ்வார் அருகே தங்கி, அது வடியும் வரையில் காத்திருந்து வழிபட்டார் என்று தலவரலாறு கூறும்.

இப்பதிகத்தின் முதற்பாட்டு நறையூர், திருவாலி, குடந்தை, கோவலூர் என்னும் நான்கு தலங்களைக் குறித்து, நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் விளங்கும் இறைவனுக்கு இடமாவது நீர்மலை என்று முடிகின்றது. இன்றும் மலையடிவாரக் கோயிலில் நீர்வண்ணர் நின்ற கோலத்திலும், மலைமேல் நரசிங்கர் இருந்த கோலத்திலும், அரங்கநாதர் கிடந்த கோலத்திலும், உலகளந்தபிரான் நடந்த கோலத்திலும் காட்சியளிக்கின்றனர். நான்கு ஊர்களில் தனித்தனியே காணப்படும் நிலைகளை ஒரு மலையில் ஒருங்கு காணலாம் என்பதே பாட்டின் கருத்து. பலவற்றை ஒன்றன்கண் குவித்தல் இப்பதிகத்தின் அடிப்படைச் செயல் என்க.

பின்வரும் பாடல்களிலும் இச்செயலே தொடர்கின்றது. காண்டவ வனம் எரியுண்டது, ஆளரியாய் அவுணனை அழித்தது, கடலை மலையால் அடைத்தது முதலிய செயல்கள் பாடலுக்குப் பாடல் வேறுபடுகின்றன. ஈற்றில் மட்டும் நீர்மலையின் பெயர் ஏகாரத்தோடு வந்து நிற்கின்றது. சந்தம் விரைந்தோடும் நீண்ட அடிகள், எத்துணைத் தொலைவு சென்றாலும், மலையின் பெயரில் வந்து இளைப்பாறுகின்றன. கேட்போர் இரண்டு பாடல்களுக்குள் இவ்வீற்றை அறிந்துகொள்வர். மூன்றாம் பாட்டில் பாடுவோரோடு தாமும் சேர்ந்து சொல்வர். பண் இன்று மாறியிருப்பினும், கூட்டத்தைப் பாட்டிற்குள் அழைக்கும் அமைப்பு மாறாது நிற்கின்றது.

பத்தாம் பாட்டில் புலவர் தம்மை மங்கையர் தலைவர் என்றும், போரில் மதயானை நடத்தவல்ல கலியன் என்றும் கூறிக்கொள்கின்றார். தம் செய்யுளை ஒலியோடு கூடிய தமிழ்மாலை என்று குறிக்கின்றார். இதனை வல்லார்க்கு வினை உடனே நீங்கும், மேலுலகம் எளிதாகும், அன்றேல் குடைநிழலில் உலகாண்டு பின் திருவடி சேர்வர் என்கின்றார். ‘ஒலி’ என்று தம் பாட்டைத் தாமே சுட்டும் இச்சொல் ஊன்றி நோக்கத்தக்கது. மாலை கட்டினார், பெயர் பொறித்தார், பிறர் கழுத்தில் இட்டார். பாட்டு நிறைவுற்றது.

5. மடலில் நீர்மலை

இரு மடல்களும் கலிவெண்பாவால் ஆயவை. சிறிய திருமடல் முழுதும் ரகர எதுகையாலும், பெரிய திருமடல் முழுதும் னகர எதுகையாலும் நடக்கின்றன. பண்ணும் ஈற்றுத்தொடரும் இல்லாத இடத்தில் அவற்றின் தொழிலை இவ்வொற்றை எதுகை செய்கின்றது. அடிதோறும் ஒரே ஒலி மீண்டும் மீண்டும் அறைவது பறையின் ஓசை போல்வது. பேசுவோர்க்கு மூச்சு எடுக்கும் இடத்தையும், கேட்போர்க்கு அடுத்த அடி தொடங்கும் இடத்தையும் அது அறிவிக்கின்றது.

சிறிய திருமடலில் தலைவி இறைவன் உறையும் ஊர்களை அடுக்கிக் கூறுகின்றாள். குடந்தையும் கடிகையும் கூறி, கடல்மல்லை, இடவெந்தை, நீர்மலை என்று வந்து, உடனே மாலிருஞ்சோலைக்கும் மோகூருக்கும் தாவுகின்றாள். பின்னர் வதரியும் வடமதுரையும் வருகின்றன. இப்பட்டியலை எதுகை நோக்கி நிரப்பியது என்று தள்ளிவிடுதல் எளிது. ஆனால் கடற்கரையை ஒட்டிய மூன்று தலங்களும் தெற்கிலிருந்து வடக்காக, நிலத்தில் உள்ள முறையிலேயே நிற்றல் காண்க. எதுகை, அடியின் முதற்சீரையே கட்டுப்படுத்தும். நீர்மலையோ அடியின் ஈற்றுச்சீரில் வருகின்றது. ஆகவே இவ்விடத்து ஊர்முறையை வகுத்தது எதுகை அன்று. நடந்து கண்டவனின் நினைவே எனலாம். பதிகவரிசை வேங்கடத்திலிருந்து இறங்கி வர, மடல் கடற்கரையிலிருந்து ஏறிச் செல்கின்றது. வழி ஒன்றே, செல்லும் திசை வேறு.

பெரிய திருமடலில் இறைவனை நேற்றும் இன்றும் நாளையும் ஆனவன் என்று கூறிய வாயாலேயே, நீர்மலைமேல் நான்மறையும் ஆனவன் என்று தலைவி கூறுகின்றாள். அடுத்துப் புல்லாணி, அங்கே அவனைத் தென்தமிழும் வடமொழியும் ஆனவன் என்கின்றாள். இங்கும் நீர்மலை அடியின் நான்காம் சீரில் நிற்கின்றது.

இதனைப் பதிகத்தோடு ஒப்பிடுக. பதிகத்திலும் மலையின் பெயர் ஈற்றில் நின்றது. இரு மடல்களிலும் அடியின் ஈற்றிலேயே நிற்கின்றது. நிற்கும் இடம் ஒன்று; செய்யும் தொழில் வேறு. பதிகத்தில் ஏகாரம் பெற்றுப் பாட்டை முடித்து வைக்கும் அப்பெயர், மடலில் அடுத்த அடிக்கு உந்தித் தள்ளும் சீராகின்றது. பாட்டில் மலை சேருமிடம். பேச்சில் மலை கடக்குமிடம். பாட்டு நான்கு ஊர்களை ஒரு மலைக்குக் கொண்டுவந்தது; மடல் அம்மலையையே பல ஊர்களுள் ஒன்றாக்கி மேலே செல்கின்றது. அடைந்தவன் பாடுகின்றான், அடையாதவள் தேடிச் சொல்கின்றாள் என்பதே இவ்வேறுபாட்டின் பொருள்.

பூதத்தாழ்வாரின் இரண்டாம் திருவந்தாதியில் உள்ள நீர்மலை வெண்பாவையும் இங்கு நினைத்தல் தகும். அதுவும் இயற்பாவே. அரங்கம், கோட்டியூர், வேங்கடம் ஆகியவற்றோடு நீர்மலையையும் இறைவன் பலநாள் பயின்ற இடமாக அவர் கூறுகின்றார். அங்கும் பெயர் மூன்றாம் அடியின் ஈற்றில், ஏகாரத்தோடு அமைகின்றது. ஆனால் அவ்வெண்பாவின் குரல் அமைதியானது. கண்டதை உள்ளபடி உரைப்பது. எனவே இயற்பா என்றாலே வேட்கைப் பேச்சு என்று பொருளாகாது. அமைதியான கூற்றாய் வழங்கிய இயற்பாவை வழக்குரைக்கும் பேச்சாகக் கலியன் வளர்த்தார் என்று கொள்ளுதலே பொருத்தமாகும்.

6. பேச்சு வேண்டப்பட்டது ஏன்?

மடலேறுதல் ஆடவர்க்கே உரியது. தொல்காப்பிய அகத்திணையியல் பெண்டிர்க்கு அதனை விலக்கியது. திருக்குறள் நாணுத்துறவுரைத்தலில், கடல்போன்ற காமம் உற்றும் மடலேறாமை பெண்ணின் பெருமை என்று 1137 ஆம் குறள் கூறும். பெரிய திருமடலின் தலைவி இவ்விதியை அறியாதவள் அல்லள். மகளிர் மடலூரார் என்னும் சொல் தென்மொழி வழக்கில் கேட்டதுண்டு. அதனை யாம் ஏற்கிலோம். வடநெறியையே விரும்பினோம் என்று அவள் வெளிப்படையாகவே மறுக்கின்றாள். மறுப்பதற்குமுன் அறம், பொருள், இன்பம், வீடு என்னும் நான்கனையும் எடுத்து ஆராய்கின்றாள்; அறத்தின் பயனும் துறக்க இன்பமே என்று காட்டுகின்றாள்; வீட்டைப் பற்றிய உரைகளை எள்ளுகின்றாள். பின்னர்ச் சீதை, வேகவதி, உலூபி, உழை, உமை என்று சான்றுகள் நிரல்படுகின்றன. சிறிய திருமடலில் வாசவதத்தை சான்றாகின்றாள்.

இஃது ஒரு வழக்குரை. எதிர்க்கட்சியின் விதியைக் கூறல், அதனை மறுத்தல், தன் கொள்கையை நிறுவல், மேற்கோள் காட்டல் என்னும் முறை இதில் ஒழுங்காக அமைந்துள்ளது. பத்துப் பாட்டுக்களாய், ஒவ்வொன்றும் ஓர் ஈற்றில் வந்து இளைப்பாறும் வடிவில் இவ்வழக்கை நடத்த இயலாது. இளைப்பாறிய இடத்தில் வாதம் அறுபடும். ஒன்றிலிருந்து ஒன்று பிறந்து, முடிவுவரை மூச்சு விடாது செல்லும் கலிவெண்பாவே அதற்கு ஏற்றது.

நம்மாழ்வார் திருவாய்மொழியில், ஐந்தாம் பத்தின் மூன்றாம் திருவாய்மொழியில் மடலூரும் துணிவை இசைப்பாட்டிலேயே கூறியுள்ளாரே எனின், உண்மையே. ஆயின் அங்குத் தலைவி தன் துணிவைத் தோழிக்கு அறிவிக்கின்றாள், விதியோடு வாதிடவில்லை. மடல் என்னும் பொருள் பேச்சை வேண்டியதன்று. மடலுக்காக வாதாடும் செயலே பேச்சை வேண்டியது என்று இதனால் தெளிக.

கேட்போர் யார் என்பதும் நோக்கத்தக்கது. பதிகத்தைக் கேட்போர் அதனைக் கற்று வல்லவராகப் போகும் அடியார். பெரிய திருமடலின் தலைவியோ, அவன் அருளானாயின், மகளிர் சேரியிலும், மறையோர் வாழும் இடத்தும், அவன் அடியார் முன்னும், வேந்தர் அவையிலும், நாடெங்கும் அவன் தன்மையை அறிவிப்பேன் என்று அச்சுறுத்துகின்றாள். வெண்ணெய் களவு செய்து உரலில் கட்டுண்டது முதலான, பாட்டில் புகழாய் அமையும் செய்திகள் பேச்சில் குற்றச்சாட்டுக்களாய் மாறுகின்றன. இவளுக்கு வேண்டுவோர் உடன்பாடுவோர் அல்லர், சான்றாளர். பயன் கூறாமைக்கும் காரணம் இதுவே. தான் பெறாத பயனைப் பிறர்க்கு எவ்வாறு வாக்களிப்பாள்? ஆசிரியர் பெயர் இல்லாமைக்கும் காரணம் இதுவே. பேசுகின்றவள் தலைவி, இடையில் ‘கலியன் சொன்னது’ என்று கூறின் வழக்கு கதையாகிவிடும்.

வைணவக் கோயில்கள் பலவற்றில் இறைவன் வீதியில் எழுந்தருளும்போது முன்செல்லும் குழுவினர் இயற்பாவை ஓதிச் செல்வர். தெருவில் மடலேறுவேன் என்றவளின் சொல், தெருவிலேயே, அவன் எதிரிலேயே ஒலிக்கின்றது. மரபு அறிந்தோ அறியாமலோ அப்பேச்சிற்கு உரிய அவையை அளித்துவிட்டது.

7. புறநாட்டு ஒப்புமை

பாடும் குரலும் பேசும் குரலும் ஒருவரிடத்தே அமைதல் தமிழ்நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே ‘சோல்’ எனப்படும் இசை 1950-களில் தேவாலயப் பாட்டிலிருந்து கிளைத்தது. இறைவனை நோக்கிய பாட்டின் மெட்டையும் முறையீட்டையும் மானிடக் காதலுக்கு ஆக்கினார் ரே சார்லசு. கலியன் செய்தது இதன் மறுதலை. மானிடக் காதலின் மடலை இறைவன்மேல் ஏற்றினார். கில் சுகாட்டு எரன் என்பார் 1970 இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டில் பெரும்பாலும் கொட்டொலியின்மேல் கவிதையைப் பேசினார். 1971 இல் வெளியிட்ட அடுத்த தட்டில் பாடகராய் நின்றார். வாதிட வேண்டியபோது பேச்சும், உள்ளம் கலக்க வேண்டியபோது பாட்டும் அவர்க்கும் தேவைப்பட்டன.

நம் காலத்தில் அறிவு என்னும் கவிஞர் 2019 இல் வெளியான தம் பாடல் தொகுப்பிற்குத் ‘தெருக்குரல்’ என்று பெயரிட்டார். எதுகையைப் பறையாகக் கொண்டு, பண்ணைவிடச் சொல்லை முன்னிறுத்திப் பேசும் கவிதைக்கு அப்பெயர் பொருந்தியதே. காலமும் கொள்கையும் பெரிதும் வேறுபட்ட இவர்களை ஒரு மரபினர் என்று கூறுவது நம் கருத்தன்று. பேசும் கவிதை இசையை இழந்த பாட்டு அன்று. தனக்கென ஒரு தொழிலும் அவையும் உடைய வேறு கலை என்பதை இவ்வொப்புமை வலியுறுத்தும்.

8. முடிபு

இதுகாறும் கூறியவற்றால், கலியனின் ஆறு நூல்களுள் இசைக்குரியன முத்திரையும் பயனும் பெற்றுப் பிறர் பாடுதற்கு ஒப்படைக்கப்பட்டமையும், இயற்பாவில் நின்றன அவையின்றி அமைந்தமையும் பெறப்பட்டன. நீர்மலை என்னும் ஒரே பெயர், ஒரே ஈற்றிடத்தில் நின்றும், பாட்டில் சேருமிடமாகவும் மடலில் கடக்குமிடமாகவும் தொழிற்படுதல் காட்டப்பட்டது. விதியோடு வாதிடுதலும் ஊரறியக் குற்றஞ்சாட்டுதலும் பாட்டால் இயலாத செயல்கள் ஆதலின், பாடவல்ல புலவர் பேச்சை மேற்கொண்டார் என்பது நிறுவப்பட்டது.

ஒன்று கூறி அமைவோம். தென்னுரையை மறுத்து வடநெறியை வேண்டுவேன் என்று தொடங்கிய தலைவி, நீர்மலையில் நான்மறையைக் கண்டு, அடுத்த அடியிலேயே அவனைத் தமிழும் வடமொழியும் ஆனவன் என்கின்றாள். வாதத்தின் தொடக்கத்தில் பகையாய் நின்ற இரண்டும் ஊர்கள் பலவற்றைச் சொல்லிச் செல்லும் போக்கிலே ஒன்றாகிவிட்டன. இதனை அவள் முடிவாக எடுத்துரைக்கவில்லை. பேச்சின் ஓட்டத்தில் நிகழ்கின்றது. வாய்விட்டு ஓதிச் செல்வோர்க்கு இம்மாற்றம் செவியில் படும். ஊர்ப்பட்டியல் என்று கண்ணால் கடந்து செல்வோர்க்குப் படாது. ஆதலின் மடல்களைக் கற்பிக்கும் வகுப்பறைகளில் அவற்றை முதலில் முழுமையாக எடுத்தோதிப் பின்னரே பொருள் ஆராய்தல் வேண்டும். பாட்டிற்குப் பண் எத்துணை இன்றியமையாததோ, இயற்பாவிற்கு மாந்தர் குரல் அத்துணை இன்றியமையாதது.